யோக்கியப் பரீட்சை யாருக்கு?

சர்வகலாசாலைகளில் மாணாக்கர்கள் காப்பி அடிக்கிறார்கள் என்றும், பிறர் எழுதியதைத் தம்முடையது என்று சொல்லிப் பட்டம் வாங்கிக்கொள்ளுகிறார்கள் என்றும், ஆதலால் அவர்களுக்குக் கடுமையான சட்டதிட்டங்கள் வேண்டுமென்றும் எங்கு பார்த்தாலும் பேசப்படுகின்றது. காப்பி அடிப்பதை ஆதரிக்க நாம் வரவில்லை. பிறர் உழைப்பைத் தன் உழைப்பு என்பது திருட்டேயாகும். ஆனால் மாணாக்கரிடம் எதிர்பார்க்கின்ற யோக்கியம் மார்க்குப் போடுகின்றவர்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் நமது கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் வருஷத்தில் எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்கென்று ஒரு விதி செய்தது. அதன்படி மாணாக்கரின் ஆராய்ச்சி நூல் பிறர் எழுத்தோடு நூற்றுக்கு 10 வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரையானால் ஆறு மாதத்திற்குள் திருத்தித் தரவேண்டும். 40-க்கு மேல் 60 வரையானால் ஒரு வருஷத்திற்குத் திருத்தித் தரவும் கூடாது. 60-க்கு மேல் போனாலோ பதிவே ரத்து. பல வருஷப் படிப்பு அன்றோடு முடிந்தது.

நிற்க, ஒரு பேராசிரியர் தாம் வெளியிடும் கட்டுரையில் இதே 60-க்கு மேல் திருடினால் என்ன தண்டனை? கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷச் சம்பள உயர்வு கிடையாது. மூன்று வருஷத்திற்குப் புதிய ஆராய்ச்சி மாணாக்கரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவுதான். அதே பெரிய குற்றத்தை மறுபடியும் செய்தால்தான் வேலைக்கு ஆபத்து!

கற்கிறவன் திருடினால் வாழ்வு போகும். கற்பிக்கிறவன் திருடினால் சம்பள உயர்வு மட்டும் போகும் என்றால், இது என்ன நியாயம்? மாணாக்கர் பட்டத்திற்காக எழுதுகிறார், பேராசிரியர் அப்படியல்லவே என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அப்படியானால் பேராசிரியர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கும்போது கட்டுரைகளை எண்ணிப் பார்ப்பது எதற்காக? அறிந்தவன் செய்யும் தப்புக்கன்றோ அதிகத் தண்டனை இருக்கவேண்டும்?

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். வகுப்பில் தினப்படி எழுதித் தரும் கட்டுரைகள், பாடப் பயிற்சிகள், விடைத்தாள்கள் ஆகியவை இந்த விதிக்குள் வரமாட்டா என்று அவ்விதியே சொல்லுகிறது. பழக்கம் உண்டாகும் இடத்தை விட்டுவிட்டு, அது முற்றிப்போன இடத்தில் தடியெடுத்து என்ன பயன்?

இனி, மார்க்கைக் கவனிப்போம். பல சர்வகலாசாலைகளில் பொதுப் பரீட்சை விடைத்தாளில் பெயரை மறைத்து வேறு எண் கொடுத்துத் திருத்துகிறார்கள். பெயரும் ஊரும் தெரிந்தால் கை நடுநிலையாய் இராது என்று அவர்களே ஒப்புக்கொண்ட காரியம் இது. ஆனால் பல கல்லூரிகளில் நூற்றுக்கு 25 மார்க்கு வகுப்பு ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. அங்கே பெயர் தெரியும், முகம் தெரியும், அப்பன் யார் என்பதும் தெரியும். எதிர்த்துக் கேள்வி கேட்ட மாணாக்கனுக்கு 12-ம், கும்பிடு போட்டவனுக்கு 23-ம் கிடைத்தால் ஏன் என்று கேட்பது யார்? விடையைப் பார்த்து எழுதுவது மோசடி என்றால், முகத்தைப் பார்த்து மார்க்குப் போடுவது மட்டும் என்ன?

திருத்திய விடைத்தாளைப் பரீட்சை எழுதினவர் பார்ப்பதற்குத் தகவல் உரிமைச் சட்டப்படி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தன் விடைத்தாளைத் தான் பார்ப்பதற்கு ஒருவர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது என்பதே நமது கல்வி முறையின் யோக்கியதைக்குப் போதுமான சாட்சியாகும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. எந்த வேலைக்கு எத்தனை மார்க்கு, எந்தத் தப்புக்கு என்ன தண்டனை என்பதைப் பாடம் துவங்கும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். திருத்திய தாளை, குறைத்ததற்குக் காரணம் எழுதித் திருப்பிக் கொடுங்கள். தண்டிக்குமுன் மாணாக்கரின் பதிலைக் கேளுங்கள். கேள்வி கேட்டவன் மார்க்கில் கை வையாதீர்கள். திருடினவர் யாராயிருந்தாலும் ஒரே தராசில் நிறுங்கள்.

இதைச் செய்யச் சம்மதமில்லாதவர்கள் மாணாக்கருக்கு யோக்கியத்தைப் போதிக்கப் புறப்படுவது வெறும் பித்தலாட்டமேயாகும்.