உம்மாவை ஒப்படைக்கும் முன்

பெற்றோரை இல்லங்களில் சேர்ப்பது பாவம் என்போரும், வேறு வழியில்லை என்போரும் நம் மஹல்லாக்களில் இன்று இரு சாராராய் நின்று வாதிடக் காண்கிறோம். இரு சாராரும் கேட்க மறந்த வினா ஒன்றுண்டு. எத்தகைய இல்லம்? அதனை எவர், எப்பொழுது சென்று பார்த்தார்?

திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்து 23ஆம் வசனம், முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லையும் தடுக்கிறது. அவர்கள் நம்மிடத்தில் இருக்கையில் முதுமையடைவதைப் பற்றி அது பேசுவதால், வீட்டை விட்டு அனுப்புதலே தகாது என்பர் பெரியோர் சிலர். அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும், மகன் வளைகுடாவிலும் மகள் வேற்றூரிலும் இருக்க, பாரிசவாயுவால் ஒரு பக்கம் செயலிழந்த தாயை அண்டை வீட்டாரின் இரக்கத்தில் விட்டுவைத்தல் ‘நம்மிடத்தில்’ வைத்தலாகுமா? அந்நோய் கண்டோர்க்கு மீட்சி பெரிதும் விரைந்து நிகழ்வது முதல் மூன்று திங்களில்தான். அக்காலத்தில் நடைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் முறையாகக் கிட்டாவிடில் இழப்பு பெரிது. அத்தகையோர் மறுவாழ்வு இல்லமொன்றில் சில திங்கள் தங்குதல் புறக்கணிப்பன்று, மருத்துவம் என்பதே என் துணிபு.

என் தாயாருக்காக அவ்வாறு ஓரில்லம் தேடியபோது நான் முதலில் கண்டவை பளிங்குத் தளமும் பூந்தொட்டிகளும் குளிரூட்டிய வரவேற்பறையுமே. மனம் நிறைந்து முன்பணம் செலுத்தவும் இசைந்துவிட்டேன். மறந்து வைத்த மூக்குக்கண்ணாடிக்காக இரவு எட்டு மணிக்குத் திரும்பிச் சென்றேன். மாடியில் இருபதுக்கும் மேற்பட்ட முதியோர்க்கு ஒரே பணிப்பெண். மூதாட்டி ஒருவர் மணியடித்தவண்ணம் இருந்தார். அவருடைய தண்ணீர்க் குவளையோ கைக்கெட்டாத தொலைவில் இருந்தது. அந்தக் கண்ணாடியை மறக்கச் செய்த இறைவனுக்கே புகழனைத்தும்!

ஆகவே, பார்க்கச் செல்வோர் சொல்லாமல் செல்க, இரவில் செல்க. படுக்கையிலிருப்போரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கின்றனரா, அதற்குக் குறிப்பேடு உண்டா என வினவுக. படுக்கைப்புண் தோன்ற அந்தக் கவனக்குறைவு ஒரு முதன்மைக் காரணம். உணவூட்டும் வேளையில் நேரில் நிற்க. விழுங்க இயலாதவரைப் படுத்த நிலையிலேயே ஊட்டினால் உணவு நுரையீரலுட் புகும். பயிற்சியாளரிடம், “என் தாயார் ஒரு திங்களில் எதனைத் தாமே செய்ய வேண்டும் என நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “பார்ப்போம்” என்பாரை விடத் “தாமே எழுந்து கழிவறைக்குச் செல்ல வேண்டும்” என்பாரே நம்பத்தக்கவர். கட்டணமும், முன்பணம் திரும்பும் முறையும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

நம் பெண்டிர்க்கு வேறு சிலவும் உண்டு. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் பணியாளரே வருவரா? ஒளுச் செய்ய இயலாதபோது தயம்முமுக்கு வழி உண்டா? கட்டிலைக் கிப்லா நோக்கித் திருப்ப இசைவரா? நான் இறுதியில் தேர்ந்த இல்லம் ஓட்டுக் கூரை வேய்ந்தது. ஆனால் அங்கிருந்த செவிலி, கட்டணம் பேசுமுன், “உம்மா எந்தக் கையால் தஸ்பீஹ் உருட்டுவார்?” என்று கேட்டார். செயலிழந்த அந்த வலக்கைக்கு அதுவே முதற்பயிற்சியாயிற்று.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லத்தை மாவட்டந்தோறும் அரசு அமைக்கலாம் என்கிறது. அரசு செய்யட்டும். நமக்கும் முன்னோடி உண்டு: 1284-85இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை, செல்வர் வறியர், ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி அனைவரையும் ஏற்று, வக்பு வருவாயில் நடந்தது. நம் ஜமாஅத்துகளும் வக்பு வருவாயில் மண்டபங்கள் எழுப்பியுள்ளன. திருமணமில்லாத நாள்களில் அவை பூட்டியே கிடக்கின்றன. அவற்றின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒழித்து, பிடித்து நடக்க இரண்டு இணைக்கம்பிகள் நட்டு, பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தினால், வீட்டிலிருந்தே வந்து செல்லும் உம்மாமார் எத்தனை பேர் என்பதை வரும் ஜும்ஆவுக்குப் பின் எண்ணிப் பார்க்கலாமே.