வழி சொல்லுபவர் யார்?

தேவாரம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிலும் ஏலமலைச் சரிவுகளிலும் இன்று விலை நிலவரம் அறிவது, பாங்கிக் கணக்குப் பார்ப்பது, பிள்ளைகள் பாடம் படிப்பது, சர்க்கார் சான்றிதழுக்கு மனுச் செய்வது ஆகிய காரியங்கள் பெரும்பாலும் இணையத்தின் மூலமாகவே நடைபெறுகின்றன. போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டரைக் கொண்டுதான் நடத்தப்படுகிறது. இந்நிலையில், வீட்டில் இணையம் வைத்திருப்போருக்கு விஷயம் தெரிந்த வாலிபர்கள் ஒரு யோசனை சொல்லி வருகின்றனர். இணைப்புத் தரும் கம்பெனியின் டி.என்.எஸ். வேண்டாம், ரவுட்டரில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றிவிடுங்கள். வேகம் கூடும், தடை நீங்கும், ரகசியம் காக்கப்படும் என்பது அந்த யோசனை. இது யந்திர வேலை அறிந்தவர்களின் விஷயம் என்று பொதுஜனங்கள் ஒதுக்கிவிடலாகாது. பிரஜைகளின் உரிமை ஒன்று இதில் அடங்கியிருக்கிறது.

டி.என்.எஸ். என்பது பெயரைச் சொன்னால் விலாசத்தைச் சொல்லும் ஏற்பாடு. கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன; மனிதர்கள் பெயர்களால் அறிகிறார்கள். இவ்விரண்டையும் இணைக்கும் முறையை 1983ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். நாம் ஒரு தளத்தின் பெயரை எழுதியவுடன், நமது ரவுட்டர் ஒரு விடைகூறும் நிலையத்தினிடம், "இவர் வீடு எது?" என்று கேட்கிறது. நிலையம் எண்ணைச் சொல்கிறது. அதன் பிறகே பிரயாணம் தொடங்குகிறது. நாமாக மாற்றாத வரையில், அந்த நிலையம் இணைப்புத் தந்த கம்பெனியின் நிலையமாகவே இருக்கும். ஆகவே வழி சொல்லுபவன் மூன்று அதிகாரங்களைப் பெற்றுவிடுகிறான். நாம் எங்கெங்கே போக விரும்புகிறோம் என்பதை அவன் அறிவான். அதை ஏட்டில் குறித்து வைக்க அவனால் முடியும். தவறான வழியைச் சொல்லவும், வழியே இல்லை என்று கூறிவிடவும் அவனால் முடியும்.

இவ்வதிகாரம் நமது நாட்டில் எப்படிப் பிரயோகிக்கப்படுகிறது? 2012ஆம் ஆண்டில் '3' முதலிய திரைப்படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காகச் சென்னை ஹைகோர்ட்டில் உத்தரவு பெறப்பட்டது. அதைக் காட்டி, இணைப்புக் கம்பெனிகள் விமியோ போன்ற தளங்களை முழுவதுமாகவே அடைத்துவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கோர்ட்டார் தெளிவுபடுத்த நேர்ந்தது. ஒரு வீட்டில் திருட்டுப் பொருள் இருப்பதாகச் சொல்லி ஒரு தெருவையே அடைத்ததற்கு இது ஒப்பாகும். பெங்களூரில் உள்ள இணையம் மற்றும் சமூக மையத்தினர் 2020இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஒரு கம்பெனி தடுக்கும் தளத்தை மற்றொரு கம்பெனி திறந்து வைத்திருப்பதும், தடுக்கும் முறைகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதும் அதில் எடுத்துக்காட்டப்பட்டன. டி.என்.எஸ்.ஸில் பொய் விடை கொடுப்பது அம்முறைகளில் ஒன்று.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு தளங்களைத் தடுக்கும் அதிகாரத்தை சர்க்காருக்குக் கொடுக்கிறது. 2015இல் அப்பிரிவைச் செல்லுமென்று ஏற்ற சுப்ரீம் கோர்ட், தடைக்கான காரணங்கள் எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதை ஒரு பாதுகாப்பாகக் கருதியது. ஆனால் 2009ஆம் ஆண்டின் விதிகளில் பதினாறாவது விதி இவ்விஷயங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் எழுதப்பட வேண்டும். ஆனால் எழுதியதைப் பிரஜை பார்க்கலாகாது என்றால், அந்தப் பாதுகாப்பு யாருக்கு? பாரதியார் 1908இல் புதுச்சேரிக்குச் சென்று 'இந்தியா' பத்திரிகையை அங்கிருந்து நடத்தியபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வராதபடி அன்றைய சர்க்கார் தடுத்தது. 1910இல் பத்திரிகை நின்றுபோயிற்று. அன்று தடை விதித்தவர் யார் என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று "இத்தளம் கிடைக்கவில்லை" என்று மட்டும் திரையில் தோன்றினால், கோளாறு யந்திரத்திலா, கம்பெனியிலா, சர்க்காரிலா என்று தேவாரத்து வாசகர் எப்படி அறிவார்?

ஆகவே வேறு நிலையத்தை நாட மக்கள் விரும்புவதில் வியப்பில்லை. 2014 மார்ச்சில் துருக்கி சர்க்கார் ட்விட்டரை இம்முறையால் தடுத்தபோது, அந்நாட்டு மக்கள் 8.8.8.8 என்ற எண்ணைத் தெருச் சுவர்களில் எழுதி ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள். அந்த எண் 2009இல் கூகிள் கம்பெனி ஏற்படுத்திய நிலையத்தினுடையது. 1.1.1.1 என்பது 2018இல் கிளவுட்ஃப்ளேர் கம்பெனி தொடங்கியது. இரண்டும் இலவசம், விடை தருவதில் பெரும்பாலும் விரைவானவை.

எனினும் இதையே சுயராஜ்யம் என்று எண்ணி மகிழ்வோர் சற்று நின்று யோசிக்க வேண்டும். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, அதை ஒழிப்பதற்காக அன்னியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்ததையும், இலவசப் பிரயாணத்தோடு குடையும் கொடுக்க முன்வந்ததையும் தமிழர் மறக்கவில்லை. இன்றைய இலவசத்துக்கும் அதே நோக்கம் என்று நாம் குற்றஞ் சாட்டவில்லை. கேள்விகளின் தற்காலிகக் குறிப்புகளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவதாகக் கூகிள் பகிரங்கமாகக் கூறியிருக்கிறது. பல கம்பெனிகள் இந்த அளவுக்குக்கூட வாக்குறுதி தருவதில்லை. ஆனால் விலை கொடாமல் பெறும் பொருளைப் பற்றி விசாரிக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிடலாகாது. நம்பிக்கை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறியிருக்கிறதே தவிர, நம் கைக்கு வந்துவிடவில்லை. ஒரு தேசத்தார் கேட்கும் வழிகளெல்லாம் வெளிநாட்டில் உள்ள இரண்டு மூன்று ஸ்தாபனங்களின் வாசலில் குவிவது நல்லதன்று. 2025 ஜூலை 14ஆம் தேதி, சொந்த ஏற்பாட்டில் நேர்ந்த ஒரு பிழையால் 1.1.1.1 உலகமெங்கும் 62 நிமிஷம் செயலற்றுப்போனதும் இதற்கு எச்சரிக்கை.

இன்னொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். எண்ணை மாற்றினால் மட்டும் ரகசியம் வந்துவிடாது. சாதாரண டி.என்.எஸ். கேள்வி, உறையில்லாத தபால் கார்டைப் போன்றது. வழியில் உள்ளவர் யாரும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். கேள்வியை உறையிலிட்டு அனுப்பும் முறைகள் 2016இலும் 2018இலும் வகுக்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தினாலுங்கூட, நாம் கடைசியில் எந்த விலாசத்துக்குச் செல்கிறோம் என்பதை இணைப்புக் கம்பெனி பெரும்பாலும் கண்டுகொள்ள முடியும். உறை பயனுள்ளதே, ஆனால் அது மாயப் போர்வையன்று.

வழி சொல்லுபவன் திருடனாகவும் இருக்கலாம். டி.என்.எஸ். சேஞ்சர் என்ற கெட்ட நிரல் உலகில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்து, அவற்றைத் தன் சொந்த நிலையங்களுக்குத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் அக்கும்பல் பிடிபட்டது. தம் வீட்டுக் கேள்விகள் யாரிடம் போகின்றன என்பதை அறியாதவர்களே அதற்கு இரையானவர்கள். பாங்கிகளெல்லாம் '.bank.in' என்ற முடிவுடைய பெயர்களுக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டதற்குக் காரணமும் போலிப் பெயர்களால் நேரும் மோசடிதான். பெயர் உண்மையாயிருந்தும் வழி சொல்லுபவன் பொய்யனானால் என்ன பயன்?

ஆகவே நமது வாசகர்களுக்கு நாம் கூறுவது இது. முதலாவதாக, ரவுட்டரின் கடவுச்சொல்லை, கம்பெனி கொடுத்தபடியே விட்டுவைக்காமல் மாற்றுங்கள். இரண்டாவதாக, இப்போது எந்த நிலையம் உங்களுக்கு விடை சொல்கிறது என்று பாருங்கள். மூன்றாவதாக, வேறொன்றை ஏற்பதானால் விசாரித்து ஏற்றுக்கொள்ளுங்கள். 9.9.9.9 என்ற நிலையத்தை நடத்தும் குவாட்9, லாபநோக்கற்ற ஸ்தாபனம். 2021 முதல் ஸ்விட்சர்லாந்தின் சட்டத்துக்கு உட்பட்டு, மோசடித் தளங்களைத் தடுத்தும் வருகிறது. நான்காவதாக, உறையிட்டு அனுப்பும் முறை கிடைக்குமிடத்தில் அதையே உபயோகியுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2018இன் ஒன்பதாம் பதிப்பு முதல் அதற்கு இடமிருக்கிறது.

ஆனால் வீட்டுக்கு வீடு எண்ணை மாற்றுவதோடு தேசத்தின் கடமை தீர்ந்துவிடாது. கனடாவில் லாபநோக்கற்ற ஸ்தாபனமான சைரா, 2020 முதல் தன் நாட்டாருக்கு இலவச நிலையம் நடத்துகிறது. ஐரோப்பிய யூனியனின் ஆதரவு பெற்ற நிலையம் 2025 ஜூன் மாதத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கம்ப்யூட்டர் நிபுணர்களை உலகுக்கெல்லாம் அனுப்பும் தமிழ்நாட்டில், நமது சர்வகலாசாலைகளும் கூட்டுறவு ஸ்தாபனங்களும் சேர்ந்து இத்தகைய பொது நிலையத்தை நடத்த முடியாதா? 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு கொண்டுபோகும் திட்டத்தை மேற்கொண்ட மாகாண சர்க்கார், கம்பியோடு இதையும் யோசிக்கலாகாதா? ஆனால் சுதேசி என்ற பெயர் மட்டும் போதாது. என்னென்ன குறிக்கப்படும், எத்தனை நாளில் அழிக்கப்படும் என்ற விதி பகிரங்கமாயிருக்க வேண்டும். வெளியார் வந்து தணிக்கை செய்ய வேண்டும். உள்நாட்டான் ஒற்றுக் கேட்பது அன்னியன் ஒற்றுக் கேட்பதைவிட எவ்விதத்திலும் மேலானதன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அது உள்நாட்டு அதிகாரத்தையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு.

மத்திய சர்க்காரிடம் நாம் கோருவதும் அதிகமில்லை. ஒரு தளம் தடுக்கப்பட்டால், இன்ன சட்டத்தின்படி, இன்ன அதிகாரியின் உத்தரவால் தடுக்கப்பட்டது என்று திரையில் நேர்மையாகச் சொல்லட்டும். ஆட்சேபிக்க விரும்புவோருக்கு உத்தரவின் பிரதி கிடைக்கட்டும். நியாயமான தடையை நாட்டார் ஏற்பார்கள். காரணம் சொல்லாத தடையைக் கண்டால் வேறு வழி தேடுவார்கள். தெருச் சுவரில் எண் எழுதப்படும் நிலைமை நம் நாட்டில் வராமல் காப்பது சர்க்காரின் பொறுப்பு. தம் வீட்டுக்கு வழி சொல்லுபவன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பிரஜைகளின் பொறுப்பு.