தம்பிக்கு எழுதிய வசனம்

1990 தீபாவளிக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' வந்தது. அண்ணனும் நானும் மந்தைவெளியில் பஸ் ஏறி மவுண்ட் ரோடு போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஹவுஸ்ஃபுல் பலகை மாட்டிவிட்டார்கள். தியேட்டர் வாசலில் ஒருவர், கூட வரவேண்டியவர் வராததால் மிஞ்சிய ஒரே ஒரு டிக்கெட்டை வாங்கின விலைக்கே கொடுத்தார். அண்ணன் அதை வாங்கி என் கையில் வைத்தான்.

"நீ போடா. பாத்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லு."

அவனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தி. நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு முன்னால் அவன் வீடு திரும்பியதில்லை. படம் பார்க்க அவனுக்குக் கிடைத்த நாள் அந்த ஒன்றுதான். எனக்குப் பதினைந்து வயது. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லத் தோன்றாமல் உள்ளே ஓடினேன்.

படம் விட்டு வந்தபோது அவன் எதிர்ப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தான். பஸ் வேண்டாமென்று ராயப்பேட்டை வழியாக நடந்தோம். தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம், கந்தக வாசனை. நான் நாலு குரலில் பேசிக்கொண்டே வந்தேன். தொண்டையைக் கரகரப்பாக்கினால் மைக்கேல். சீமையில் படித்த தோரணையில் மதன். பாலக்காட்டு இழுவையில் காமேஸ்வரன். மெட்ராஸ் பாஷையில் தீயணைப்பு வீரன் ராஜு. கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்டதென்று காமேஸ்வரன் பதறுகிற இடத்தைச் சொல்லும்போது லஸ் முனையில் அண்ணன் நின்றுவிட்டான். ஒரு கடைக் கதவில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

முப்பத்தைந்து வருஷமாகியும் அந்தப் படத்தை ஆள்மாறாட்ட நகைச்சுவை என்று மட்டும் சொல்லி நகர என்னால் முடியவில்லை. ஒரே பிரசவத்தில் பிறந்த நான்கு குழந்தைகளைக் கொல்ல அனுப்பப்பட்டவனுக்கு மனசு வரவில்லை. ஒன்றைத் தானே வளர்க்கிறான். ஒன்று சமையல்காரர் பாலக்காடு மணி ஐயரின் பிள்ளையாகிறது. ஒன்று, பெற்ற அப்பனிடமே அவருக்குத் தெரியாமல் வளர்ப்புப் பிள்ளையாகப் போய்ச் சேர்கிறது. சோகப் படத்துக்கு உண்டான முடிச்சு இது. இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவும் திரைக்கதை எழுதிய கமல்ஹாசனும் அதைச் சிரிப்பாக மாற்றினார்கள். படத்தில் சகோதர பாசத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கட்டிக்கொண்டு அழும் காட்சியை நம்பிப் படம் நிற்கவில்லை. ஆனால் மதனுக்குப் பதிலாக ராஜு போய் உட்காருகிறான். அதே நாற்காலிக்கு அவினாசியாக வரும் நாகேஷ் காமேஸ்வரனைக் கூட்டி வருகிறார். மதனைத் தீர்த்துக்கட்டக் கூலி வாங்கிய மைக்கேலும் அவன் கூடப்பிறந்தவனே. தெரியாமலே ஒருவன் இடத்தில் இன்னொருவன் போய் நிற்கிறான், அடி வாங்குகிறான், காதலுக்கும் கடனுக்கும் பதில் சொல்கிறான். கடைசியில் மலை விளிம்பில் ஆடுகிற வீட்டுக்குள் நாலு பேரும் முகத்துக்கு முகம் பார்க்கும்போது, பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. இருப்பவனும் இல்லாதவனும் சேர்ந்து அந்த வீடு சரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

வசனம் கிரேசி மோகன். காளமேகம் காலத்திலிருந்து தமிழனுக்குச் சிலேடை மேல் ஒரு மயக்கம் உண்டு. சிலேடையில் ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கும். இந்தப் படத்தில் ஒரு முகத்துக்குள் நான்கு ஆட்கள். கதை செய்வதையே ஒவ்வொரு வரியிலும் வசனம் செய்துகொண்டு போகிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் வேறாகக் காதில் வாங்குகிறார், அந்தத் தப்பிலிருந்து அடுத்த தப்பு முளைக்கிறது. நாலைந்து பேர் ஒரே சமயத்தில் பேசும் வீட்டில் வாழ்ந்தவருக்குத்தான் இந்தக் காது வாய்க்கும்.

மோகன் அப்படிப்பட்ட வீட்டுக்காரர். மந்தைவெளியில் தம்பி பாலாஜியின் குடும்பத்தோடு ஒரே வீட்டில், கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1976-இல் எஸ்.வி. சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்திலிருந்து அந்த 'கிரேசி' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979-இல் சொந்தக் குழுவான 'கிரேசி கிரியேஷன்ஸ்' தொடங்கினார். அவர் நாடகங்களில் பெரும்பாலும் நாயகன் பெயர் மாது, நாயகி பெயர் ஜானகி. ஜானகி, பள்ளியில் அவரை முதன்முதலில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயர். மாதுவாக நடித்தவர் தம்பி. அந்தப் பெயர் தம்பியின் பெயரோடு சேர்ந்து அவர் மாது பாலாஜி ஆனார். அண்ணன் கற்பித்த பெயரைச் சொந்தப் பெயராகச் சுமக்கிற தம்பியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வாணி மகாலிலும் நாரத கான சபாவிலும் அவர்கள் நாடகங்களுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். சினிமாவில் பெரிய பெயர் வந்தபிறகும் மோகன் மேடையை விடவில்லை. அவர் எழுதிய நல்ல வரிகளெல்லாம் மாதுவின் வாயில்தான் இருக்கும். 2008-இல் வந்த 'சாக்லேட் கிருஷ்ணா'வில் கஷ்டத்தில் இருக்கும் மாதுவுக்கு உதவ கிருஷ்ணரே வருகிறார். கிருஷ்ணராக வந்தவர் மோகன். தம்பி தவிக்க, பக்கத்தில் மயில்பீலியோடு அண்ணன் நிற்பார். அரங்கில் பாதிப் பேர் இந்த உறவு தெரிந்தவர்கள். அதனால் அந்தச் சிரிப்பில் ஒரு வாஞ்சை கலந்திருக்கும். 2019 ஜூன் 10-ஆம் தேதி மோகன் போனார். மாது பாலாஜி குழுவை நிறுத்தவில்லை. அண்ணன் இல்லாத மேடையில் அண்ணனின் வரிகளைப் பேசி முதல் சிரிப்பு எழும்வரை காத்திருந்த அந்த நொடிகளை அவர் எப்படிக் கடந்தார் என்று பலநாள் யோசித்திருக்கிறேன்.

நாலு வேஷமும் போட்ட கமலும் ஒரு கடைக்குட்டித் தம்பிதான். சாருஹாசன் அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். 'தபரன கதெ' கன்னடப் படத்துக்கு தேசிய விருது பெற்றவர். நடு அண்ணன் சந்திரஹாசன் ராஜ்கமல் நிறுவனத்தை முன்னால் வராமல் நிர்வகித்து, 2017 மார்ச்சில் லண்டனில் காலமானார். திரையில் தம்பி நாலு பேராகப் பெருகி நிற்க, கணக்கு வழக்கை ஒரு அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அண்ணன் அந்தப் படத்தைப் பிறகு டிவியில்தான் பார்த்தான். முடிந்ததும், "அன்னிக்கு நீ சொன்னதுதான்டா நல்லா இருந்துச்சு" என்றான். அன்று வாசலில் எத்தனை மணி நேரம் நின்றாய், டீ மட்டுமாவது குடித்தாயா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன தீபாவளிக்கு அடையாறில் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். டிவியில் அதே படம். இரண்டு வருஷமாக அவனுக்கு வலது காது சரியாகக் கேட்பதில்லை. மெஷின் வைத்துக்கொண்டால் இரைச்சல் என்று கழற்றி வைத்துவிடுகிறான். படம் வேகமாக ஓடுகிறது, வசனம் அதைவிட வேகம். அண்ணி சமையலறையிலிருந்து, "சவுண்டை ஏத்துங்களேன்" என்றார். நான் ஏற்றவில்லை. அவனுடைய இடதுபக்கம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் அவன் காதில் சொன்னேன். நாலு குரலும் வந்தது. பாலக்காட்டு இழுவை மட்டும் முன்போல வரவில்லை. சாம்பார் காட்சியில் நான் சொன்ன ஒரு வார்த்தையை அவன் வேறேதோவாகக் கேட்டுக்கொண்டு, "என்னது?" என்று திரும்பி, நான் திருத்துவதற்குள் சிரிக்க ஆரம்பித்தான்.