அரை டிக்கெட்டுக்கு மட்டும்தானா வயசு?

"புள்ளைக்கு என்ன வயசும்மா?"

"அஞ்சு இன்னும் முடியலீங்க சார்!"

"என்ன படிக்கிறான்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பையன் முந்திக்கொள்கிறான். "ரெண்டாங் கிளாசு!"

பஸ்சே சிரிக்கிறது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே மிஷினில் அரை டிக்கெட்டைத் தட்டுகிறார். அம்மா பையனின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுகிறாள்.

பெரம்பலூர் பஸ்சிலும் அரியலூர் பஸ்சிலும் ஜனங்கள் பல காலமாகப் பார்த்து வரும் கூத்து இது. முன்பு மூன்று வயது வரைதான் அரசு பஸ்சில் டிக்கெட் கிடையாது. 2022 மே மாதம் சட்டசபையில் அதை ஐந்து வயதாக உயர்த்தி அறிவித்தார், அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ்.எஸ்.சிவசங்கர். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் கால் வைத்திருக்கிற குன்னம் தொகுதியில் ஜெயித்தவர் அவர். ஏழைத் தாய்மார்கள் அந்த அறிவிப்பை வரவேற்றார்கள். ஐந்தைத் தாண்டினால் பன்னிரண்டு வரை அரை டிக்கெட்.

ரெயிலிலும் ஐந்து வயதுக்குக் கீழே என்றால் டிக்கெட் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை கேட்காத வரையில் அரை டிக்கெட். படுக்கை கேட்டால் முழு டிக்கெட். இது 2016 ஏப்ரல் 21 முதல் நடக்கிற சட்டம்.

ஆக, தரையில் போகிற வண்டியில் பிள்ளையின் வயதைக் கேட்பது காசுக்காக. ஜனங்களும் அப்படியே பழகிவிட்டார்கள். வயதைக் கேட்டாலே குறைத்துச் சொல்லத் தோன்றுகிறது!

ஆனால் தண்ணீரில் போகிற வண்டி ஒன்று இருக்கிறது. அங்கே கேட்கப்படும் வயது காசுக்காக அல்ல. உயிருக்காக!

கப்பலில் வேறு கணக்கு

உலகத்தில் ஓடுகிற பெரிய உல்லாசக் கப்பல் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரு விதி வைத்திருக்கின்றன. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். அட்லாண்டிக், பசிபிக் போன்ற மகா சமுத்திரங்களைத் தாண்டுகிற நீண்ட பயணம் என்றால், அல்லது பல நாள் தொடர்ச்சியாகக் கரையே காணாத பயணம் என்றால் ஒரு வயது முடிந்திருக்க வேண்டும். பணம் கட்டுகிற நாளில் அல்ல, கப்பல் ஏறுகிற நாளில் அந்த வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு வாரம் குறைந்தாலும் ஏற்றமாட்டார்கள்.

"கைக்குழந்தைக்கு என்ன இடமா பிடிக்குது? மடியிலதானே கிடக்கும்?" என்று கேட்கலாம்.

இடப் பிரச்சினை அல்ல அது. கப்பலில் டாக்டர் இருப்பார், நர்ஸ் இருப்பார். ஆனால் பச்சைக் குழந்தைக்கு வேண்டிய பெரிய ஆஸ்பத்திரி வசதி இருக்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் காலையில் சிரித்த குழந்தை மாலையில் துவண்டுவிடும். சிறிய உடம்பு, தண்ணீர்ச் சத்து சீக்கிரம் வற்றிவிடும். தடுப்பூசிகளும் பாதியில் நிற்கிற வயது அது.

குன்னத்தில் ஒரு குழந்தைக்கு அப்படி ஆனால் 108க்கு போன் செய்யலாம். பெரம்பலூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அரியலூரில் 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நடுக்கடலில் 108 வருமா? ஹெலிகாப்டர் வர வேண்டும் என்றாலும், அது வந்து போகிற தூரத்துக்குள் கப்பல் இருக்க வேண்டும். கப்பலைத் திருப்பினாலும் அடுத்த துறைமுகம் ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளி இருக்கும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த ஆறு மாதக் கணக்கு!

சோழன் ஊரில் கப்பல் கேள்வி

"பெரம்பலூருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே கடலே இல்லையே" என்று சிலர் சிரிக்கக்கூடும்.

சம்பந்தம் நிறைய உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இரண்டு மாவட்டங்களின் பெரும் பகுதியில் கடல்தான் கிடந்தது. காரை ஓடைகளில் இன்றைக்கும் கடல் பிராணிகளின் ஓடுகள் கல்லாகக் கிடக்கின்றன. சாத்தனூரில் மரமே கல்லாகிக் கிடக்கிறது. அரியலூர் சிமெண்டு ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான். கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? அரியலூர் மாவட்டத்தில்!

பழங்கதை கிடக்கட்டும். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாளில் அது நின்று, 2024 ஆகஸ்டு 16ஆம் தேதி "சிவகங்கை" என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது.

அரியலூர்க்காரர் நாகப்பட்டினம் போக ஒரு நாளா ஆகும்? காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் கடற்கரையில் நிற்கலாம். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவில் வந்து, "அப்பா, அம்மா, ஒரு தடவை எல்லோரும் கப்பல்ல போயிட்டு வரலாம்" என்று சொல்கிற காலம் இது. போகட்டும், சந்தோஷமாகப் போகட்டும். ஆனால் விதி தெரிந்து போகட்டும்!

"ரஜுலாவில் போகலையா?"

பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "அந்தக் காலத்துல நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி, கைக்குழந்தையோட பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகலையா? எல்லாப் புள்ளையும் பிழைச்சு வளரலையா?"

போனார்கள், உண்மைதான். 1926ல் கட்டப்பட்ட ரஜுலா, 1970களின் தொடக்கம் வரையில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களைச் சுமந்தது. மேல்தட்டில் பாய் விரித்து, வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் போனார்கள். ஆனால் அது பிழைப்புக்காகப் போன பயணம். வேறு வழி இல்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது. போகாமல் இருந்தால் அடுப்பு எரியாது.

இன்று போவது உல்லாசத்துக்கு. ஆறு மாதம் பொறுத்தால் கடல் வற்றிவிடாது. அரிசிக்காகப் பட்ட ஆபத்தை ஆசைக்காகப் படலாமா?

பணம் கட்டுமுன் கேளுங்கள்

விதி நல்ல விதி. ஆனால் அது எங்கே இருக்கிறது? பல பக்கம் உள்ள இங்கிலீஷ் நிபந்தனைகளின் நடுவே, எறும்பு எழுத்தில் இருக்கிறது!

பெரம்பலூரில் ஒரு குடும்பம் பத்துப் பேராகச் சேர்ந்து பணம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்திக்கு ஐந்து மாதம். புக்கிங் ஆபீசில் யாரும் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "குழந்தையை ஏற்ற முடியாது" என்கிறார்கள். தாய் இறங்க வேண்டும். தாய் இறங்கினால் தகப்பன் இறங்க வேண்டும். கட்டிய பணம் முழுதும் திரும்புமா? கம்பெனி விதியைக் காட்டும். ஏஜெண்டு கையை விரிப்பார்.

பஸ் கண்டக்டரிடம் சொல்வதுபோல வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லித் தப்பவும் முடியாது. வெளிநாடு போகிற கப்பலுக்குப் பிறந்த குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அதில் பிறந்த தேதி அச்சாகி இருக்கிறது!

எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி என்றும் எண்ணிவிடக்கூடாது. சில மணி நேரத்தில் கரை சேரும் கப்பலுக்கு ஒரு விதி. வாரக்கணக்கில் ஓடும் கப்பலுக்கு ஒரு விதி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகையால் பணத்தை நீட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "எங்க குழந்தைக்கு இத்தனை மாசம். ஏத்துவீங்களா? எழுத்துல குடுங்க."

வாலிபர்களுக்கும் வேலி

வயது விதி கைக்குழந்தையோடு முடிந்துவிடவில்லை. கப்பலில் பிள்ளைகள் விளையாடும் கூடத்தில் பெரும்பாலும் மூன்று வயது ஆனால்தான் சேர்ப்பார்கள். அதுவும், தானாகக் கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளையாக இருக்க வேண்டும்.

காலேஜ் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, பெரியவர்கள் இல்லாமல் போக நினைத்தாலும் தடை உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படுகிற பல கப்பல்களில் 21 வயது ஆகாதவர்கள் தனியே அறை எடுக்க முடியாது. வேறு பல நாடுகளில் 18 என்று இருக்கிறது. "ஓட்டுப் போட வயசு இருக்கு, கப்பல்ல போக வயசு இல்லையா?" என்று வாலிபர்கள் கோபப்படலாம். நியாயமான கோபம்தான். ஆனால் நள்ளிரவில் குடித்துவிட்டு ஒருவன் கைப்பிடிச் சுவரில் ஏறி விளையாடினால் இழுத்துப் பிடிக்க ஒரு பெரியவர் வேண்டும் என்று கம்பெனி நினைக்கிறது. கடலில் விழுந்தவனைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதைவிடக் கஷ்டம்.

சட்டை அளவாக இருக்கிறதா?

டைட்டானிக் கப்பல் 1912ல் மூழ்கியது. அதற்குப் பிறகு, 1914ல், உலக நாடுகள் கூடிக் கடலில் உயிர் காக்கும் ஒப்பந்தம் ஒன்றை எழுதின. அது பலமுறை திருத்தப்பட்டு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி லைஃப் ஜாக்கெட் மூன்று அளவு. 15 கிலோவுக்குக் கீழே கைக்குழந்தை அளவு. 15 முதல் 43 கிலோவுக்குள் சிறுவர் அளவு. அதற்கு மேல் பெரியவர் அளவு. 24 மணி நேரத்துக்கு மேல் ஓடும் கப்பலில் கைக்குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாக்கெட் இருந்தே தீர வேண்டும்.

அளவு ஏன்? அப்பா சட்டையைப் பிள்ளைக்குப் போட்டால் என்ன ஆகும்? தோளில் நிற்காது. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும். பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். போட்டும் பயன் இல்லை!

ஏரியிலும் அதே தண்ணீர்தான்

கப்பலை விடுங்கள். பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளில் எத்தனை பேர் உல்லாசக் கப்பல் ஏறப்போகிறார்கள்? ஆனால் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் பிச்சாவரம் உண்டு, கொடைக்கானல் ஏரி உண்டு, ஊட்டி ஏரி உண்டு. அங்கெல்லாம் படகு உண்டு. அங்கே இந்த வயதுக் கேள்வியைக் கேட்பது யார்?

2024 ஜனவரி 18ஆம் தேதி குஜராத்தில், வதோதரா ஹர்னி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த படகு கவிழ்ந்தது. 12 மாணவ மாணவிகளும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். படகில் அளவுக்கு மேல் ஆள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதற்கு முந்தின ஆண்டு, 2023 மே 7ஆம் தேதி, கேரளத்தில் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். செத்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள்! ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேடிக்கை பார்க்கப் போன குழந்தைகள்!

அங்கேயும் டிக்கெட் கொடுத்தவர்கள் இருந்தார்கள். காசை எண்ணினார்கள். தலையை எண்ணவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கப்பல் டிக்கெட் விற்கும் டிராவல்ஸ்காரர்கள், ரசீதில் நாலு வரி தமிழில் அச்சடிக்கட்டும்: குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும், துணைக்கு எத்தனை வயதுப் பெரியவர் வேண்டும், ஏற்றாவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும் என்று. அட்வான்ஸ் வாங்குமுன் அதைப் படித்துக் காட்டட்டும். இரண்டு மாவட்டக் கலெக்டர்களும் ஒரு வார்த்தை சொன்னால் நடக்காதா?

பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுமதி கொடுக்கும் கல்வி அதிகாரிகள், படகுப் பயணம் உண்டா என்று கேட்கட்டும். உண்டு என்றால், சிறுவர் அளவு ஜாக்கெட் பிள்ளைக்கு ஒன்று வீதம் இருப்பதைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். ஜாக்கெட் இல்லையா? படகு வேண்டாம். கரையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றுவிட்டு வரட்டும். பிள்ளைகள் ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதானே!

பெற்றோருக்கும் வேலை உண்டு. படகுக்காரரிடம் பிள்ளையின் வயதையும் எடையையும் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். "பெரியவன்தான், பயப்பட மாட்டான்" என்று பெருமை பேசக்கூடாது. தண்ணீருக்குப் பெருமை தெரியாது.

பஸ்சில் வயதைக் குறைத்துச் சொன்னால், போவது அரை டிக்கெட் காசு. கண்டக்டர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

தண்ணீரில் வயதை மறைத்தால், போவது முழு உயிர்.

கண்டக்டர் கேட்கிறாரோ இல்லையோ, துறைமுகத்தில் கேட்கிறார்களோ இல்லையோ, ஏறுமுன் பெற்றவர்கள் தங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும்:

"புள்ளைக்கு என்ன வயசு?"