பனிக்காலக் கீரைச் சாகுபடி

நிலமும் கிணறும் உடைய குடியானவர் தம் வீட்டுக்கு வேண்டிய கீரையைச் சந்தையில் விலைகொடுத்து வாங்குவது தகுமா என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். திருவாமாத்தூரில் பம்பையாற்றை அடுத்த நிலங்களிலும், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தோட்டங்களிலும் நெல்லும் கரும்பும் மணிலாவும் செவ்வையாக விளைகின்றன. ஆயினும் கிணற்றடியில் ஐந்து சென்ட் நிலத்தைக் கீரைக்கென்று ஒதுக்குவோர் சிலரே.

மேனாடுகளில் உறைபனிக் காலத்திலுங்கூட ஸ்பினாச், கேல் முதலிய கீரைகளைப் பயிரிடுகிறார்கள். குளிரைத் தாங்கும்பொருட்டு அவற்றின் இலைகளில் சர்க்கரைச் சத்து மிகுவதால் அவை அப்பருவத்தில் இனிப்பாயிருக்கும். நம் பக்கத்தில் உறைபனி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையும், பங்குனிக்குமேல் ஏறும் வெயிலுமே நமக்குத் தடைகள். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மார்கழி முதல் மாசி வரையிலான காலமே வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பாலக்கு ஆகியவற்றுக்கு உகந்தது.

புரட்டாசியிலேயே விதைத்து முந்திக்கொண்டால் நல்ல விலை கிடைக்கும் என்று சிலர் வாதிப்பர். அது துணிகரமான காரியம். 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி கரையேறிய பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இளங்கீரை அத்தகைய மழைக்கு நில்லாது. ஆகவே பெருமழை ஓய்ந்தபின், மேட்டுப்பாத்தி கட்டி விதைப்பதே விவேகமாகும்.

சாலட் இலையாகிய லெட்டூஸைப் பயிரிடலாமா என்று கேட்போரும் உளர். அது உதகை போன்ற குளிர்ந்த மலைப் பிரதேசத்துக்கு ஏற்றது. சமவெளி வெயிலில் விரைவாகத் தண்டு நீண்டு பூத்து, இலை கசந்துவிடும். அதனை நாடி அலையாமல், பச்சையாகவே உண்ணத்தக்க கொத்தமல்லியைப் பயிரிட்டால் நமக்குப் போதும்.

கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்தே விதைக்கவேண்டும். பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாத்தியாக விதைத்துவந்தால் அறுவடை இடைவிடாது கிடைக்கும். வெந்தயக்கீரை சுமார் 25 நாட்களிலும், கொத்தமல்லித் தழை சுமார் 40 நாட்களிலும் பறிப்புக்கு வரும். பாலக்கை வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுத்தால் மீண்டும் தழைக்கும். மாலையில் நீர் பாய்ச்சினால் இலை ஈரம் இரவெல்லாம் தங்கி நோய்க்கு இடமாகுமாதலால், காலையில் பாய்ச்சுதல் நலம். சில நாட்களிலேயே உணவாகும் இலையின்மீது விஷமருந்து தெளிப்பது அறவே கூடாது. புழு விழுந்த இலைகளைக் கையால் பொறுக்கி அழித்துவிடவேண்டும்.

இவ்வளவு சிறிய பயிரைப்பற்றி ஏன் இத்தனை வற்புறுத்தல் எனலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இரத்த விருத்திக்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலம் 1941-ல் ஸ்பினாச் இலைகளிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் பெயருக்கு மூலம். இரத்தசோகைக்குக் காரணங்கள் பலவாதலால் கீரை ஒன்றே மருந்தாகிவிடாது. எனினும் தினந்தோறும் ஒரு கைப்பிடி கீரையும், அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும் எலுமிச்சைச் சாறும் எந்த வீட்டிற்கும் எட்டாத செலவல்ல.

ஆதலால், ஒவ்வொரு கிணற்றடியிலும் ஐந்து சென்ட் கீரைப்பாத்தி இருத்தல் அவசியமென்பது நம் துணிபு. வீட்டுக்கு மிஞ்சியதை நிலத்தில் உழைப்போர் குடும்பங்களுக்கு அளிப்பது உடையவர்களின் கடமையாகும். கிராம அதிகாரிகள் மார்கழி பிறக்குமுன்னரே நல்ல விதைக்கு ஏற்பாடு செய்து, பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் ஒரு மாதிரிப் பாத்தி போட்டுக் காட்டுவார்களானால், ஊரார் தாமாகவே பின்பற்றுவர்.