எது அசல் கோல்ட் ஸ்டார்?

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களுள், விற்பனைக்கு வரும்போதெல்லாம் பெரிய விலையையும் அதைவிடப் பெரிய ஐயத்தையும் உடன் கொண்டுவருவது, பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் ஆலையில் பி.எஸ்.ஏ. நிறுவனம் உருவாக்கிய கோல்ட் ஸ்டார் ஆகும். ப்ரூக்லண்ட்ஸ் ஓடுதளப் பந்தயத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்றை முடித்தவருக்குச் சிறிய பொன் நட்சத்திரம் ஒன்று அளிக்கப்படுவது அன்று வழக்கமாக இருந்தது. 1937 ஜூன் 30 அன்று வால்டர் ஹாண்ட்லி, எம்பயர் ஸ்டார் என்ற பி.எஸ்.ஏ. வண்டியில் 107.57 மைல் வேகத்தைத் தொட்டு அதைப் பெற்றார் என்பதே பெயரின் வரலாறு.

போருக்குப் பின் இப்பெயர் 1949இல் மீண்டும் சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு முதல் 1956 வரை, மான் தீவில் நடந்த ஜூனியர் கிளப்மன்ஸ் போட்டியில் ஓர் ஆண்டுகூட வேறு நிறுவனத்தின் வண்டி வெல்லவில்லை. வரிசையின் உச்சமாகக் கருதப்படும் டி.பி.டி.34, 1956இல் வெளிவந்தது. 85 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 88 மில்லிமீட்டர் மேலும் கீழும் சென்றுவர, 499 கன சென்டிமீட்டர் கொள்ளளவிலிருந்து ஏறத்தாழ 40 குதிரைத்திறனைப் பிழிந்தெடுத்த இந்த எஞ்சின், நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளை எட்டும்போது அதன் பிஸ்டன் நொடிக்குச் சராசரியாக 20 மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. கிளப்மன் வகைக்கு உரிய ஆர்.ஆர்.டி.2 கியர் பாக்ஸில் நான்கு கியர்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதால், முதல் கியரிலேயே மணிக்கு 60 மைல் வரை போகலாம். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கிளட்ச்சை முழுவதும் விடாமல் அரைப்பிடியிலேயே வெகுதூரம் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். அமல் ஜி.பி. கார்புரேட்டரோ பந்தயத்துக்கென்றே ஆனது; சிக்னலில் நிற்கும்போது கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இராவிட்டால் எஞ்சின் அணைந்துவிடும். சென்னையில் 1955 முதல் உருவான புல்லட்டின் நிதானத் துடிப்பைக் கொண்டு பிரிட்டிஷ் ஒற்றை சிலிண்டரை அறிந்தவர், இதன் குணத்தை ஊகித்துவிட முடியாது.

ஐயத்துக்குக் காரணம் இதன் உறவினங்கள். அன்றாடப் போக்குவரத்துக்காக ஏராளமாகச் செய்யப்பட்ட பி31, பி33 ஆகியவை இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வார்ப்பிரும்புச் சிலிண்டரைக் கழற்றி அலுமினியக் கலவைச் சிலிண்டரைப் பொருத்தி, குரோமிய டாங்க்கும் தாழ்ந்த ஹேண்டில்பாரும் மாட்டிவிட்டால், கண்ணுக்கு அது கோல்ட் ஸ்டாரே. ஆயினும் சட்டகம் எளிதில் பொய் சொல்லாது. கோல்ட் ஸ்டார் சட்டகத்தின் வலது கீழ்க்குழாய், ஆயில் பம்ப்புக்கு இடம்விட்டுச் சற்றே வளைந்து செல்லும் என்பதால், விவரம் அறிந்தவர் டாங்க்கின் பளபளப்பைப் பாராமல் முதலில் தரையில் குனிகிறார்.

அடுத்தது எண். விளம்பரங்களில் ‘எண்கள் பொருந்துகின்றன’ என்று எழுதும் விற்பனையாளர், பெரும்பாலும் தாம் எழுதுவதன் பொருளை அறியாதவரே. அக்காலப் பி.எஸ்.ஏ. வண்டிகளில் எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் தொடக்கத்திலேயே வெவ்வேறானவை, 500 சி.சி. வண்டியின் எஞ்சினில் டி.பி.டி.34 என்றிருக்க, சட்டகத்தில் 350 சி.சி. வண்டிக்கும் பொதுவான சி.பி.32 என்ற முன்னெழுத்தே காணப்படும். எந்த எஞ்சின் எந்தச் சட்டகத்தோடு ஆலையைவிட்டுச் சென்றது என்பதை ஆலையின் அனுப்புகைப் பதிவேடு மட்டுமே சொல்லும். ஆகவே விலையின் பெரும்பகுதி உலோகத்துக்கன்று, பழைய கணக்கர் ஒருவர் எழுதிவைத்த ஒரு வரிக்கே கொடுக்கப்படுகிறது எனலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிளப்மன், ஸ்க்ராம்பிள்ஸ் எனப்படும் மண்தளப் பந்தயம், சாலைப் பயணம் எனத் தேவைக்கேற்ப உறுப்புகளைத் தேர்ந்து வாங்கவும், வாங்கியபின் மாற்றவும் வகைசெய்து விற்கப்பட்ட வண்டியிடம் இன்றைய சேகரிப்பாளர் மாறாத அசலைக் கேட்கிறார். மேக்னட்டோவும் டைனமோவும் ஓருடலான மேக்டைனோவை லூகாஸ் நிறுவனம் கைவிட்டதும் ஒரு காரணமாக, 1963இல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே பந்தயத்தில் எஞ்சின் வெடித்த வண்டிகள் வேறு எஞ்சினோடு ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சினும் சட்டகமும் தனித்தனியே உண்மையானவை, ஆனால் ஆலையில் சேர்ந்து பிறந்தவை அல்ல என்று ஒளிக்காமல் எழுதப்படும் விளம்பரத்தைச் சேகரிப்பாளர் தாண்டிப் போய்விடுகிறார். ஓட்டுவதற்காக வாங்குபவர் தொலைபேசியை எடுக்க வேண்டியது அதற்காகத்தான்.