பழைய போனுக்குப் பக்கத்து ஊர்க் கடை

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பழைய போன் வாங்கக் கிளம்புகிறவருக்கு மூன்று வழி உண்டு: சங்கரன்கோவில் கடைகள், சென்னை ரிச்சி தெரு, கேஷிஃபை மாதிரியான ஆன்லைன் விற்பனை. ரிச்சி தெருவில் விலை படியலாம். ஆனால் அடுத்த மாதமே டிஸ்பிளேயில் கோடு விழுந்தால், போய்வரும் செலவிலேயே மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும். ஆன்லைனில் வாரண்டி கிடைக்கும். வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. என் ஓட்டு, சர்வீஸும் செய்கிற சங்கரன்கோவில் கடைக்கே. நாளைக்கும் நம் முகத்தில் விழிக்க வேண்டிய கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டக் கொஞ்சமாவது யோசிப்பார்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காசை நீட்டிவிடக் கூடாது. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். தடுக்கப்பட்டது, போலி என்று வந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதியையும் பாருங்கள். அது நின்று பல வருடமான போனில் ஜிபே வைத்துக்கொள்வது பணத்துக்கு ஆபத்து. பழைய ஆளின் கூகுள் கணக்கை நம் கண்முன்னே நீக்கச் சொல்லுங்கள். பில் தராத கடை ஐந்நூறு ரூபாய் குறைத்தாலும் வேண்டாம். திருட்டுப் போன் என்று போலீஸ் தேடி வந்தால், பதில் சொல்லப்போவது போனைக் கையில் வைத்திருப்பவர்தான்.